சிங்கப்பூரில் ஒன்பது மணி நேரம்

போன மாசம் ராமேஸ்வரம் போய் அம்மாவுக்குத் திதி கொடுத்துட்டு வந்தேன். பினாங்கிலிருந்து திருச்சிக்குப் போற வழியில சிங்கப்பூர்ல ஒன்பது மணி நேரம் காத்திருக்கணும். "பேசாம ஏர்போர்ட்லயே தூங்குங்க"ன்னு வீட்ல சொன்னாங்க.

எனக்கு மனசு கேட்கல. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதியைப் பார்க்கணும்னு அம்மா பல வருஷம் கேட்டாங்க. தீபாவளிக்கு முன்னாடி ஃபேக்டரியில ஓவர்டைம், லீவு எடுக்க முடியாது. "அடுத்த வருஷம் போகலாம்மா"ன்னே சொல்லிக்கிட்டு இருந்துட்டேன்.

பெட்டி நேரா திருச்சிக்குப் போயிடுமான்னு பினாங்கு கவுண்டர்லயே கேட்டுக்கிட்டேன். சிங்கப்பூர் வருகை அட்டையை முதல் நாளே போன்ல நிரப்பியாச்சு. இறங்குனதும் எம்ஆர்டி ஏறி சைனாடவுன். மத்தியானம் 12 மணிக்கு நடை சாத்தினா சாயங்காலம் 6 மணிக்குத்தான் திறப்பாங்க. நான் போய்ச் சேர்ந்தப்போ 11.20.

அந்தக் கோயிலை 1827-ல் தொடங்கியவர் நாராயண பிள்ளை. 1819-ல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பல் ஏறிப் போனவர். நம்ம ஊர்ல இருந்து போனவருங்க! முதல்ல மரமும் அத்தாப்புக் கூரையும்தான். பிழைக்கப் போன இடத்துல அவர் அம்மனுக்கு நேரம் ஒதுக்கினார். ஒன்றரை மணி நேர விமானப் பயணத்துக்கு எனக்கு நேரம் கிடைக்கல.

அம்மாவை நினைச்சு ஒரு நெய்விளக்கு ஏத்தினேன். தீமிதி நடக்குற இடத்துல கொஞ்ச நேரம் நின்னேன். கண்ணு கலங்கிடுச்சு. மூணு மணி நேரம் முன்னாடியே ஏர்போர்ட் திரும்பிட்டேன்.

உங்க வீட்டுப் பெரியவங்க ஏதாவது கோயில் பேர் சொல்லிக் கேட்டா, இந்த வருஷமே லீவு போடுங்க. அம்மன் துணை.