இறக்கத்தின் ஆபத்து: ஊவாத் தேயிலை ஸ்டோர்களில் இயந்திரம் பெயர்க்கும் தொழில்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளையிலிருந்து ஒரு புறம் பசறை, லுணுகலை, மடுல்சீமை வரையும், மறுபுறம் ஹாலி-எலை, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை வரையும் பரந்து கிடக்கும் தோட்டங்களில், தேயிலைத் தொழிற்சாலையைத் தொழிலாளர் 'ஸ்டோர்' என்றே வழங்குவர். கொழுந்தை வாட்டும் வேலை மேல்தளங்களில் நடைபெற, வாடிய கொழுந்தை அழுத்திப் பிசைந்து சாறு வெளிப்படச் செய்யும் உருட்டு இயந்திரங்களான ரோலர்கள் கீழ்த்தளத்தில் காங்கிரீட் மேடைகளில் ஆணியிறுக்கி நிறுத்தப்பட்டிருக்கும். தலைமுறைக் கணக்கில் அசையாது நின்ற இவ்வியந்திரங்கள், 1992ஆம் ஆண்டு அரச தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டதன் பின்னர் அடிக்கடி இடம்பெயரத் தொடங்கின. பல தோட்டங்களின் கொழுந்து ஒரே ஸ்டோருக்குச் செல்லலாயிற்று. எஞ்சிய ஸ்டோர்கள் மூடப்பட, அவற்றின் ரோலர்களும் உலர்த்திகளும் வேறு ஸ்டோருக்கோ, பழைய இரும்புக் கடைக்கோ, அரிதாகச் சில அருங்காட்சியகத்துக்கோ போய்ச் சேர்ந்தன. அவற்றைக் கழற்றி, நகர்த்தி, லொறியில் ஏற்றி, மலைப்பாதையில் கொண்டுசென்று மீண்டும் நிறுத்தும் தொழிலும் அதில் நேரும் விபத்துகளும் தேயிலை வரலாற்று நூல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

ரோலரின் அமைப்பை விளங்கிக்கொள்ளாமல் அதன் விபத்துகளை விளங்கிக்கொள்ள இயலாது. மூன்று வார்ப்பிரும்புத் தூண்களின்மேல் வட்டமான மேசை ஒன்று அமைந்திருக்க, அதன் மேற்பரப்பில் வளைந்த வரம்புகள் ஓடுகின்றன. மேசையின் மேலே, இருமுனையும் திறந்த பெட்டி ஒன்று கொழுந்தைத் தாங்கியபடி மூன்று வளைதண்டுகளின் உதவியால் வட்டமிட்டுச் சுழல்கிறது. பெட்டியினுள் இறங்கும் மூடி, திருகாணியால் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. ரோலரின் அளவைப் பெட்டியின் விட்டத்தைக் கொண்டு 36 அங்குலம், 44 அங்குலம், 47 அங்குலம் என்று சொல்வது வழக்கம். எடையின் பெரும்பகுதி இடுப்புயரத்துக்கு மேலே திரண்டிருக்க, நிலத்தைத் தொடுபவை மூன்று கால்கள் மட்டுமே என்பது இதன் முக்கியமான இயல்பு. மூன்று கால் உள்ள பொருள் மேடுபள்ளமான தரையிலும் ஆடாது நிற்கும் என்பது உண்மையேயாயினும், சாயத் தொடங்கியபின் அது நான்கு கால் பொருளைவிட விரைவாகக் கவிழும். மையத்திலிருந்து ஒவ்வொரு காலும் ஒரு மீற்றர் தூரத்தில் இருப்பதாகக் கொண்டால், சதுர அடித்தளத்தில் கவிழும் விளிம்பு மையத்திலிருந்து ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும். முக்கோண அடித்தளத்தில் அது 50 சென்ரிமீற்றரிலேயே வந்துவிடும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பாராத பிட்டர்கள் (இயந்திரம் பொருத்துவோர்)கூட, ரோலரை நகர்த்தும்போது இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட பக்கத்தைப் பள்ளத்தை நோக்கி வையாமல் ஒரு காலையே பள்ளப்பக்கம் வைப்பதைப் பதுளைப் பகுதி ஸ்டோர்களில் காணலாம்.

இவ்வியந்திரங்கள் முதலில் இங்கு வந்துசேர்ந்த வழியும் கவனத்துக்குரியது. தேயிலைக்கு முன் இம்மலைகளில் விளைந்த கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் ஊவாவின் மடுல்சீமைதான். கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தபோது, கோப்பிக் களங்களுக்குத் தேவைப்படாத பாரமான இயந்திரங்கள் தேவைப்பட்டன. வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த ரோலர்களை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவிலிருந்த மார்ஷல் நிறுவனமும், சிரொக்கோ என்ற பெயர் பெற்ற உலர்த்திகளைப் பெல்ஃபாஸ்டில் சாமுவேல் டேவிட்சனின் தொழிற்சாலையும் வார்த்து அனுப்பின. பின்னர் கொழும்புப் பட்டறைகளும் இவ்வேலையில் இறங்கின. புகையிரதப் பாதை 1893இல் ஹப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளையை அடைய 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே நீண்டகாலம், பதுளைப் பக்கத்துத் தோட்டங்களுக்குரிய இயந்திரம் பண்டாரவளையில் இறக்கப்பட்டு மாட்டுவண்டியில் பயணத்தைத் தொடர நேர்ந்தது. பண்டாரவளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றரிலும் பதுளை 700 மீற்றருக்குச் சற்றுக் குறைவான உயரத்திலும் இருப்பதால், அவ்வழியின் போக்கு முழுவதும் இறக்கமே. புகையிரதப் பாதைக்கும் இதே இறக்கம்தான் சிக்கலாயிற்று: 44 அடிக்கு ஓர் அடிக்குமேல் சரியலாகாது என்ற வரம்புக்குள் உயரத்தை இழப்பதற்காகவே, தெமோதரை நிலையத்தைத் தாண்டிய தண்டவாளம் மலையைச் சுற்றி வந்து அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைந்து செல்கிறது. பொறியியலாளருக்குக் கிடைத்த அந்தச் சுற்றுவழி வண்டிக்காரனுக்குக் கிடைக்கவில்லை.

ஏற்றத்தில் பாரம் மனிதனை எதிர்க்கிறது. கை தளர்ந்தால் நின்றுவிடும், அல்லது கட்டை வைத்து நிறுத்தப்படும். இறக்கத்தில் பாரம் மனிதனுக்கு உதவத் தொடங்குகிறது, விபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. மலைத்தோட்டத்து இயந்திரப் பெயர்ப்பில் சொல்லப்படும் விபத்துகளை வகைப்படுத்திப் பார்த்தால், தூக்கும்போது நிகழ்பவற்றைவிட இறக்கும்போதும், வாசற்படியைத் தாண்டும்போதும், கடைசி இரண்டு அங்குலம் எஞ்சியிருக்கும்போதும் நிகழ்பவையே மேலோங்கி நிற்கின்றன.

வேலையை நேரில் காண்பவருக்கு முதலில் வியப்பளிப்பது கருவிகளின் எளிமை. அலவாங்கு எனப்படும் கனமான கடப்பாரைகள் சில, புகையிரதப் பாதையிலிருந்து கழிக்கப்பட்ட சிலிப்பர் கட்டைகள், நான்கைந்து இரும்புக் குழாய்கள், ஜாக்கி இரண்டு, மூன்று மரங்களைத் தலையில் பிணைத்த முக்காலியில் தொங்கும் செயின் புளொக், கயிறு ஆகியவையே போதுமானவை. பாரந்தூக்கி லொறி தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் நுழைவது அரிது; நுழைந்தாலும் அதன் கை ஸ்டோரின் கூரைக்குள் நீளாது. எனவே பிட்டர் ஒருவரின் தலைமையில், பெரும்பாலும் ஸ்டோரிலேயே வேலை செய்த ஆண்கள் சிலர் கொந்தராத்து அடிப்படையில் இதைச் செய்கின்றனர். இளையவர்கள் பிட்டரை 'அண்ணே' என்று அழைப்பதும், வேலை நடக்கும்போது அவர் ஒருவரைத் தவிர வேறெவரும் 'தள்ளு' என்று சொல்லக்கூடாதென்பதும், 'நிப்பாட்டு' என்று மட்டும் யாரும் சொல்லலாமென்பதும் எழுதப்படாத விதிகள். ஸ்டோர் வேலையை நடத்தும் டீமேக்கர் வந்து நின்றாலும், தோட்டத்துரையே வந்து நின்றாலும் இந்த ஒழுங்கு மாறுவதில்லை. மாறிய இடங்களில் வேலை கெட்டிருக்கிறது என்று தொழிலாளர் கூறுவதில் உண்மை இருக்கத்தான் வேண்டும்.

முதற்படி கழற்றுதல். மூடி, திருகாணி, பெட்டி, வளைதண்டுகள் ஆகியவை பிரிக்கப்பட்டால் எடை குறைவதோடு பாரத்தின் மையமும் கீழிறங்குகிறது. ஆயினும் நேரத்தை மிச்சப்படுத்தப் பெட்டியோடு சேர்த்தே நகர்த்திவிடலாம் என்ற எண்ணம் அடிக்கடி தலைதூக்குகிறது. ஆங்கிலேயத் தோட்டத்துரைமாரின் சங்கங்களில் இருந்த பில்லியர்ட்ஸ் மேசைகளை இங்கு ஒப்புநோக்கலாம்: 1876இல் தோன்றிய நுவரெலியா ஹில் கிளப் போன்ற இடங்களுக்குச் சென்ற, 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட முழு அளவு மேசையின் கற்பலகை வழக்கமாக ஐந்து துண்டுகளாகவே அமைந்திருப்பதால், பெட்டிப்பெட்டியாகச் சென்று விளையாட்டு அறைக்குள்ளேயே அது ஒன்றாக்கப்பட்டது. விளையாட்டுப் பொருளுக்குக் கிடைத்த அந்தச் சலுகை உழைக்கும் இயந்திரத்துக்குக் கிடைக்கவில்லை. ரோலரின் மேசை ஒரே வார்ப்பு. அதைப் பிரிக்க இயலாது, எனவே வாசலைத்தான் பிரிக்க வேண்டும். பல ஸ்டோர்களின் புறச்சுவர் இரும்புத் தூண்களில் பொருத்திய தகரமாக இருப்பது இங்கே கைகொடுக்கிறது: நிலையை உடைக்காமல் தகரங்களைக் கழற்றி வழி செய்கின்றனர்.

அடுத்தது தூக்குதல். ஜாக்கியால் ஒரு பக்கம் ஓர் அங்குலம் உயர்ந்ததும் சிலிப்பர் கட்டை செருகப்படுகிறது, பின்னர் மறுபக்கம். எவ்வளவு உயர்ந்தாலும் கட்டைக்கும் இரும்புக்கும் இடையிலான இடைவெளி விரல் தடிப்பைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஜாக்கி வழுக்கினாலும் பாரம் அந்த அளவுக்கு மேல் விழாது. விதி மீறப்படுவது பெரும்பாலும் மாலையில், லொறி காத்து நிற்கும்போது. சங்கிலியால் தூக்கும் இடங்களில் கயிற்றின் கோணம் மறைமுகமான எதிரியாகிறது: இரண்டு கயிறுகள் நிமிர்ந்து நின்றால் ஒவ்வொன்றும் பாதிப் பாரத்தைத் தாங்கும், அவை அகன்று தரைமட்டத்துக்கு 30 பாகைச் சாய்வில் வந்தால் ஒவ்வொன்றும் முழுப் பாரத்துக்குச் சமமான இழுவிசையைத் தாங்க நேரிடும். கூரை தாழ்வாக இருப்பதால் கயிற்றைக் குறுக்கிக் கட்ட வேண்டிய நிர்ப்பந்தமே பல கயிறுகளை அறுத்திருக்கிறது. அலவாங்கும் தன் பங்குக்கு ஆபத்தானது. நெம்பும் முனை வழுக்கினால் மறுமுனை எழும்பி, அதன்மேல் குனிந்திருப்பவரின் தாடையைத் தாக்கும். ஆகையால் அனுபவசாலிகள் அதன் பக்கவாட்டில் நின்றே நெம்புகின்றனர்.

குழாய்களின்மேல் உருட்டும்போது உராய்வு மிகக் குறைந்துவிடுவதால், சமதளத்தில் நான்கு பேர் நகர்த்தும் ரோலர், முற்றத்தின் சிறு சரிவிலும் தானாக ஓடத் தலைப்படும். பத்தடிக்கு ஓரடி சரிவில், ஒரு தொன் எடை கிட்டத்தட்ட நூறு கிலோ விசையோடு கீழ்நோக்கி இழுக்கிறது. இதனைத் தடுக்கப் பின்பக்கக் கயிறு ஒன்றை உறுதியான நிழல்மரத்தில் சுற்றிப் பிடிக்கின்றனர். உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், இரண்டு முழுச் சுற்று, பிடிப்பவரின் வலிமையை ஏறத்தாழ நாற்பது மடங்காக்கும். பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் தனியாக ரோலர் ஒன்றை நிறுத்திப் பிடிப்பது இதனாற்றான். முன்பக்கம் குழாய்களை எடுத்துப் போடுபவரின் நிலைதான் அச்சம் தருவது. விரல்களை மடக்கிக் குழாயைப் பற்றாமல், விரித்த உள்ளங்கையால் தட்டி நேராக்க வேண்டும் என்று புதியவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. பழையவர்களின் கைகளைப் பார்த்தால் அந்தப் பாடம் எவ்வாறு உருவானது என்பது விளங்கும்.

லொறியில் ஏற்றும் இடம் தனியே கவனிக்கத்தக்கது. லொறியைப் பாதையோரத்து மண்மேட்டோடு ஒட்டிப் பின்னாக நிறுத்தி, மேட்டையும் லொறியின் தட்டையும் ஒரே மட்டமாக்குவது மலைநாட்டு உத்தி. இயந்திரத்தின் பாதி எடை தட்டின்மேல் வந்ததும் லொறியின் வில்லுகள் அமுங்க, மட்டமாயிருந்த இடத்தில் திடீரெனப் படி ஒன்று உண்டாகிறது. முன்சென்ற குழாய் அந்தப் படியில் சிக்க, பின்னால் உள்ளவர்கள் தள்ளிக்கொண்டிருக்க, இயந்திரம் தலைகுப்புறச் சாய்கிறது. தட்டுக்கு அடியில் முன்கூட்டியே சிலிப்பர் அடுக்கி முட்டுக் கொடுத்தால் இது நேராது. அரை மணி நேர வேலைதான்; ஆயினும் மிகுதியாகத் தவிர்க்கப்படுவதும் அதுவே.

விழுந்த இயந்திரத்தின் கதியை வார்ப்பிரும்பின் இயல்பு தீர்மானிக்கிறது. உருக்குப்போல வளைந்து கொடுக்காமல் அது விரிசல் விடும் அல்லது உடையும். சாதாரணமாகப் பற்றவைத்தால் பற்றின் ஓரத்திலேயே மறுபடி பிளக்கும். நன்றாகச் சூடாக்கி, தகுந்த கம்பியால் ஒட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும். நூற்றாண்டு பழைய தூண் ஒன்று உடைந்தால் மாற்றுக்கு மூடிய ஸ்டோர் ஏதாவது ஒன்றைத் தேட வேண்டியதே. உடையாமல் தப்பிய சிலவற்றின் கதி வேறு: கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட ஸ்டோர் 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது பல தோட்டங்களிலிருந்து பழைய ரோலர்களும் இயந்திரங்களும் அங்கு கொண்டுசெல்லப்பட்டன. இவ்வியந்திரங்களை ஆக்கியோரின் பெயரை இரும்பிலேயே வாசிக்கலாம். சுமந்தோரின் பெயருக்கு அவ்விரும்பில் இடமில்லை.

பருவமும் இத்தொழிலுக்கு எதிராகவே அமைந்திருக்கிறது. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு வீசும்போதுதான் ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற மணம் கூடுகிறது; விலை உயர்ந்திருக்கும் அக்காலத்தில் ரோலரை நிறுத்த எந்த நிர்வாகமும் இசையாது. பாதை காய்ந்து உறுதியாயிருக்கும் மாதங்களில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, இயந்திரம் ஓய்ந்திருக்கும் மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பாதையைக் கரைக்கிறது. ஐப்பசி மழையில் இம்மலைகள் எவ்வளவு நிலையற்றவை என்பதை, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களைப் புதைத்த மண்சரிவு நாட்டுக்கே காட்டியது. அதே ஈர மண்ணில்தான், ஓரம் உதிரும் கொண்டையூசி வளைவுகளில், பாரமேற்றிய லொறி இறங்குகிறது.

காயங்கள் பற்றிச் சட்டம் மௌனமாயில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. ஆனால் தோட்டத்தின் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பெயருள்ள ஸ்டோர்த் தொழிலாளிக்கு வேலைகொடுத்தவர் யார் என்பதில் ஐயமில்லாதிருக்க, கொந்தராத்தில் வந்தவருக்கு அதை நிறுவுவதே முதற்போராட்டமாகிறது. விரல் நசுங்கியவர் அதைத் துணியால் சுற்றிக்கொண்டு வேலையை முடித்துவிட்டுச் செல்வதை வீரமாகப் பேசுவோருண்டு. அதைக் கணக்கில் வராத செலவு என்று கொள்வதே பொருத்தம்.

புதிய ஸ்டோரில் அடித்தளம் முன்பே போடப்பட்டிருக்கும். ரோலரின் பெட்டி வட்டமிட்டுச் சுழல்வதால் மேடையை எல்லாத் திசைகளிலும் மாறிமாறி உலுக்குகிறது. மேசை சற்றே சாய்ந்திருந்தாலும் தாங்கிகள் சூடேறும், பட்டி கப்பியை விட்டு விலகும். ஒளிபுகும் குழாயில் நீர் நிரப்பி மூன்று கால்களின் மட்டமும் பார்க்கப்பட்டு, தகட்டுத் துண்டுகளால் சரிசெய்யப்பட்டபின், ஆணிக்குழிகளில் சீமெந்துக் கலவை ஊற்றப்படுகிறது. கடைசி இரண்டு அங்குலம் இறக்கப்படும்போது ஆணித் துளையும் காலின் துளையும் நேராகின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கமே இத்தொழிலில் மிகக் கொடிய காயங்களைத் தருகிறது. அதற்குப் பதிலாக மரக்குச்சி ஒன்றைச் செருகிப் பார்க்குமாறு பிட்டர்கள் வற்புறுத்துகின்றனர். கலவை இறுகச் சில நாட்கள் தேவை. அதன்பின் ரோலர் முதலில் வெறுமையாகவும், பின்னர் அரைப்பெட்டிக் கொழுந்தோடும் ஓடவிடப்பட்டு, அதிர்வினால் தளர்ந்த சுரைகள் மீண்டும் இறுக்கப்பட்ட பிறகே கொந்தராத்தின் மீதித் தொகை கொடுக்கப்படுகிறது.