வேண்டாப் போர்வை

பழனிமலைச் சாரலை ஆண்ட பேகன், கானகத்தில் மயிலொன்று அகவக் கேட்டான். குளிரால் நடுங்கி அகவுகிறது என இரங்கித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். அவன் ஈந்தது அருளால் ஈந்த போர்வை. இன்று மனிதன் நிலவுலகின்மேல் போர்த்திவரும் போர்வையோ அறியாமையாலும் அவாவாலும் நெய்யப்பட்டது.

இயற்கையே உலகிற்கு ஒரு மெல்லிய போர்வையைத் தந்துள்ளது. கதிரொளியால் சூடேறிய நிலம் அவ்வெப்பத்தை வானிற்குத் திருப்பி அனுப்புகிறது. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அதில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகின்றன. இஃது இல்லையேல் உலகம் குளிரால் உறைந்துவிடும். ஆயின், அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சாம். 1750-ஆம் ஆண்டளவில் பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, நிலக்கரியும் எண்ணெயும் பெருக எரிக்கப்பட்டமையால் இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது.

கதிரவனே முன்னினும் மிகுதியாகக் காய்கின்றானோ என ஒருவர் ஐயுறலாம். அதற்குக் கோடைக்கானலே விடை பகரும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்திற்குப் பின், கதிரவனின் மாறுதல்களுக்கும் மழைக்கும் தொடர்புண்டோ என்னும் வினா எழுந்தது. அவ்வினாவின் பயனாக இம்மலையில் வானாய்வுக் கூடம் அமைந்து, 1901-இல் தன் பணியைத் தொடங்கியது. கதிரவனின் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்குவதை அங்குள்ள பதிவுகள் காட்டுகின்றன. 1978 முதல் செயற்கைக் கோள்கள் அளந்தவற்றிலும் கதிரவனின் ஆற்றல் தொடர்ந்து ஏறியதாகக் காணவில்லை. உலகின் வெப்பமோ ஏறிக்கொண்டே வருகிறது. எனவே, குற்றம் கதிரவனுடையதன்று; மனிதனுடையதே.

வெப்பம் மிக்க காற்று நீராவியை மிகுதியாகத் தாங்கும். ஆதலின் மழை பெய்யுங்கால் கொட்டித் தீர்க்கும். பொய்க்குங்கால் நிலம் விரைவில் வறளும். இவ்விரு துன்பத்தையும் தணிக்க வல்லவை இம்மலையின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் ஆகும். அவை மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிச் சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. மஞ்சளாறும் மருதாநதியும் சண்முகநதியும் அந்நீரைக் கொண்டே சமவெளியை ஊட்டுகின்றன.

அத்தகைய புல்வெளியைப் பாழ்நிலம் எனக் கருதித் தைலமரமும் பைன் மரமும் வாட்டில் மரமும் நட்டனர். வானிலிருந்து எடுத்த படங்களை ஆராய்ந்தோர், 1973-க்கும் 2014-க்கும் இடையே பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரு பங்கு மறைந்தமையைக் கண்டனர். 12 ஆண்டுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சிக்கு அப்புல்வெளியே தாய்வீடு. வெப்பம் மிகுந்தால் அடிவாரத்து உயிர்கள் மேலேறிப் பிழைக்கலாம். முடியில் வாழ்பவை எங்கே ஏறும்?

மரம் நடுதல் நன்று. எனினும், புல்லுக்குரிய இடத்தைப் புல்லுக்கு விடுதலும் அறமே. விளக்கு முதல் வண்டி வரை, வீணே எரிவதை நிறுத்துதலும் அறமே. மயில் வாய் திறந்து கேளாமலே பேகன் போர்வை ஈந்தான். குறிஞ்சியும் வாய் திறந்து கேளாது. போர்த்தியது அன்று அருளாயிற்று. வேண்டாப் போர்வையை விலக்குதலே இன்று அருளாகும்.