வெயில் குறைந்த நாடு - 9: டட்லியின் டங்கன்

டட்லிக்கு ரயில் இல்லை. 1964இல் நிலையத்தை இழுத்து மூடிவிட்டார்கள். பர்மிங்காமிலிருந்து மாடிப் பேருந்து பிடித்தால் ஓல்ட்பரி வழியாக ஊர் ஊராக நின்று, ஒரு மணி நேரத்துக்கு மேல் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கும். மேல்தளத்தில் முன்வரிசை இருக்கை கிடைத்தது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு மூதாட்டிகள், டிராம் பாதை போடுகிறோம் என்று ஊரையே தோண்டிப் போட்டிருப்பதைப் பற்றி வழி முழுக்க வசைபாடிக்கொண்டு வந்தார்கள்.

இந்தப் பகுதிக்கே 'கறுப்பு நாடு' என்றுதான் பெயர். நிலக்கரி, இரும்பு, புகை. டைட்டானிக் கப்பலின் பெரிய நங்கூரத்தைப் பக்கத்து நெதர்டனில்தான் செய்தார்கள். அதை இருபது குதிரைகள் இழுத்துக்கொண்டு போனது, இப்போது இல்லாத அந்த டட்லி ரயில் நிலையத்துக்குத்தான். உலைகள் அணைந்து பல காலம் ஆகிவிட்டது. குன்றின் மேல் சிதைந்த கோட்டை ஒன்று நிற்கிறது. கோட்டைக்குள்ளேயே விலங்குக் காட்சிச்சாலையும் வைத்திருக்கிறார்கள்! வழக்கமான பயணிகள் அதைப் பார்க்கத்தான் வருவார்கள். நான் வந்தது, 1958இல் இருபத்தொரு வயதில் இறந்துபோன ஒரு பையனுக்காக.

டங்கன் எட்வர்ட்ஸ். மான்செஸ்டர் யுனைடெட், இங்கிலாந்து. கால்பந்து பார்க்கும் நண்பர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். ஆட்டம் தெரிந்திருக்காது. தெரிந்திருக்க வழியும் இல்லை. தொலைக்காட்சி எட்டிப் பார்க்கத் தொடங்கிய காலத்து ஆட்டக்காரர் அவர். செய்திப் படச் சுருள்களில் துண்டு துண்டாகக் கிடைப்பதையெல்லாம் ஒட்டவைத்தாலும் ஒரு முழு ஆட்டம் தேறாது. அப்படியிருந்தும் அறுபது வருடத்துக்கு மேலாக ஓர் ஊர் அவரை விடாமல் பேசிக்கொண்டிருக்கிறது. பார்க்காத ஆட்டத்தை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பேருந்தில் ஏறினேன்.

சந்தைத் திடலில் வெண்கலச் சிலை. சிற்பி ஜேம்ஸ் பட்லர். 1999இல் திறந்தபோது டங்கனின் அம்மா சாரா ஆனும், பழைய தோழன் பாபி சார்ல்டனும் வந்திருந்தார்கள். சிலைக்கு அந்தப் பக்கம் காய்கறி, இந்தப் பக்கம் கைபேசி உறை விற்பனை. பீடத்தின் கீழே சிவப்புக் கழுத்துத் துண்டு ஒன்று கட்டியிருந்தது, மழையில் நனைந்து சாயம் போய்.

காய்கறிக் கடைக்காரர் என்னைக் கவனித்துவிட்டார். "படம் எடுக்கணும்னா அந்தப் பக்கம் போங்க. இங்கேருந்து எடுத்தா என் முட்டைக்கோஸ்தான் விழும்."

போய் எடுத்துவிட்டுத் திரும்பி வந்து பேச்சுக் கொடுத்தேன். நம்ம டங்கன், நம்ம டங்கன் என்றே சொன்னார். இரண்டு காலாலும் ஒரே வேகத்தில் அடிப்பானாம். பந்து வலையைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் காவலாளி குதிப்பாராம். மழையில் ஊறிய தோல் பந்து கல் மாதிரி கனக்கும், அதைத் தலையால் முட்டி அரைத் திடல் தாண்ட வைப்பானாம். கையை வீசி, இடுப்பைத் திருப்பி, நடித்தே காட்டினார். ஒரு அம்மாள் கேரட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"நானா? நான் பொறந்ததே 59லதான். எங்கப்பா சொன்னது."

இதே பதிலை அன்று முழுக்க வேறு வேறு வாயிலிருந்து கேட்டேன். அப்பா சொன்னது, தாத்தா சொன்னது, அம்மாவோடு ஒரே வகுப்பு.

டங்கன் பிறந்தது 1936 அக்டோபர் 1, உட்சைட் பகுதியில். பிறகு குடும்பம் பிரயரி குடியிருப்புக்கு மாறியது. அப்பா கிளாட்ஸ்டன் இரும்புத் தொழிற்சாலைத் தொழிலாளி. பள்ளியில் டங்கன் கால்பந்தில் மட்டுமில்லை, மாரிஸ் நடனத்திலும் கெட்டி. காலில் சதங்கை மணி கட்டிக்கொண்டு, கையில் கைக்குட்டை வீசி ஆடும் கிராமத்து ஆட்டம் அது. தேசிய அளவிலான நடன விழாவுக்குப் பள்ளிக் குழுவில் தேர்வாகியிருந்தார். இங்கிலாந்து பள்ளி மாணவர் அணிக்கான தேர்வும் அதே நாளில் வந்துவிட்டது. பந்தின் பக்கம் போனார். அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அத்தனை லேசாகத் திரும்பியது என்று வியந்து எழுதியவர்கள் யாராவது அந்தச் சதங்கையை யோசித்தார்களா, தெரியவில்லை. நான் யோசித்தேன்.

ஆறேழு மைல் தள்ளி வுல்வர்ஹாம்டன். அங்கே உல்வ்ஸ் அணி, அன்றைய இங்கிலாந்தின் உச்சத்தில் இருந்தது. வீட்டு வாசலில் அதை வைத்துக்கொண்டு பையன் 1952இல் மான்செஸ்டருக்குப் போய்விட்டான் என்ற ஆற்றாமை இங்கே இன்னும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கிறது. பதினாறு வயது 185 நாளில் யுனைடெட்டின் முதல் அணியில் ஆடினார். பதினெட்டு வயதில், 1955 ஏப்ரலில், ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துச் சட்டை. அந்த ஆட்டம் 7-2. போருக்குப் பிந்தைய இங்கிலாந்து அணியில் அவரை விட இளையவர் ஆட 1998இல் மைக்கேல் ஓவன் வர வேண்டியிருந்தது. பெயருக்கு இடது நடுக்களம். தேவைப்பட்டால் முன்வரிசை, தேவைப்பட்டால் தடுப்பு. யுனைடெட்டுக்கு 177 ஆட்டம், 21 கோல். நாட்டுக்கு 18 ஆட்டம், 5 கோல். இரண்டு முறை லீக் பட்டம். தன்னைச் சிறியவனாக உணர வைத்த ஒரே ஆட்டக்காரர் டங்கன்தான் என்று சார்ல்டன் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். உலகக் கோப்பை வென்ற மனிதர் சொன்னது.

மியூனிக் விமான விபத்தின் கதையை நீட்டத் தேவையில்லை. பெல்கிரேடில் ரெட் ஸ்டாருடன் 3-3 என்று முடித்துவிட்டு யுனைடெட் அணி திரும்பும் வழி. 1958 பிப்ரவரி 6. எரிபொருள் நிரப்ப இறங்கிய மியூனிக்கில், ஓடுபாதையில் பனிச்சேறு. இரண்டு முறை முயன்று நிறுத்திவிட்டு மூன்றாம் முறை கிளம்பிய விமானம் மேலெழவில்லை. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். விமானம் கிளம்பாது, நாளைதான் வருவோம் என்று டங்கன் மான்செஸ்டரில் தான் தங்கியிருந்த வீட்டு அம்மாளுக்கு அடித்த தந்தி, விபத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்தது. டங்கன் பதினைந்து நாள் போராடினார். கால் எலும்பு, விலா எலும்பு முறிவுகளை விடச் சிறுநீரகம்தான் எமனாயிற்று. செயற்கைச் சிறுநீரக இயந்திரத்தை வேறு ஊரிலிருந்து வரவழைத்தார்கள். படுக்கையருகே வந்த துணைப் பயிற்சியாளர் ஜிம்மி மர்ஃபியிடம் அவர் கேட்டதாகச் சொல்லப்படுவது: சனிக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்கு? அந்தச் சனிக்கிழமை எதிரணி உல்வ்ஸ். பிப்ரவரி 21 அதிகாலை மூச்சு நின்றது.

பிரயரி குடியிருப்பு சந்தையிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரே அச்சில் வார்த்த செங்கல் வீடுகளுக்கு நடுவே புனித பிரான்சிஸ் தேவாலயம். டங்கனின் இறுதிச் சடங்கு நடந்தது இங்கேதான். அன்றைக்குத் தெரு ஓரமெல்லாம் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்களாம். அவர் நினைவாக வண்ணக் கண்ணாடிச் சன்னல் வைத்து, 1961இல் மேட் பஸ்பி வந்து அர்ப்பணித்தார். அந்த விமானத்தில் இருந்து, சாவைத் தொட்டுவிட்டு மீண்ட மேலாளர் பஸ்பி. புனிதர்கள் நிற்க வேண்டிய கண்ணாடியில் அரைக்கால்சட்டை போட்ட இளைஞன், சிவப்புச் சட்டையில் ஒருமுறை, இங்கிலாந்தின் வெள்ளையில் ஒருமுறை. தேவாலயத்தில் கால்பந்துச் சட்டையா என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன். பார்த்ததும் அந்தக் கேள்வி விட்டுப்போனது. இது சிலுவைக்குப் போட்டியில்லை, பக்கத்துத் தெருப் பையன் இறந்துவிட்டான், இருந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கல்லறை ஊரின் மறுகோடியில், ஸ்டார்பிரிட்ஜ் சாலையில். காவலர் அறையில் வழி கேட்க வாயைத் திறப்பதற்குள் ஒருவர் கையை நீட்டிவிட்டார். வெளியூர் முகம், கையில் பூ. வேறு எதைக் கேட்கப் போகிறேன்? டங்கனுக்குப் பக்கத்திலேயே தங்கை கேரல் ஆன், 1947இல் சில வாரக் குழந்தையாகவே போனவள். பூ வைக்கப் பந்து வடிவத்தில் ஒரு கல் சாடி. யுனைடெட் துண்டுகள்தான் அதிகம். உல்வ்ஸின் தங்க நிறத் துண்டும் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஊரின் அந்தப் பழைய ஆற்றாமை ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல நினைத்திருந்த விஷயம் இருக்கிறது. மகன் இறந்த பிறகு கிளாட்ஸ்டன் இரும்பு வேலையை விட்டுவிட்டு, மகன் கிடக்கும் இதே கல்லறைத் தோட்டத்தில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். ஆர்தர் ஹாப்கிராஃப்ட் என்ற பத்திரிகையாளர் 1968இல் எழுதிய 'தி ஃபுட்பால் மேன்' நூலில் இது வருகிறது. மகன் இருப்பதால்தான் வந்தேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், அது காரணமில்லை, வேலையை மாற்ற வேண்டியிருந்தது, எனக்குச் செடிகொடி பிடிக்கும் என்கிற மாதிரி அவரிடம் சொல்கிறார் அப்பா. நான் அதை நம்பவில்லை. அப்படிச் சொன்னதற்காக அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். மகனைப் பற்றி யாரும் கேட்டுவிடக் கூடாது என்று நினைக்கிற மனிதர் வேறு என்ன காரணம் சொல்வார்?

லாரி ஓட்டுகிறவர்கள் பாதையை விட்டு விலகி இங்கே வந்துவிட்டுப் போவார்களாம். மான்செஸ்டர் பேச்சு வாடையோடு, டங்கன் எங்கே என்று களை பிடுங்கிக்கொண்டிருப்பவரிடம் கேட்பார்கள். அவர் காட்டுவார். நாலு வார்த்தை பேசுவார்கள். யாரிடம் பேசினோம் என்பது பலருக்குத் தெரியாமலே போகும். ஹாப்கிராஃப்ட் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எனக்கு நகர முடியவில்லை. 'உங்க பையன் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன்' என்று தகப்பனுக்குச் சொல்ல ஆசைப்பட்டவர்கள்தானே அத்தனை பேரும்? சொல்லவும் செய்தார்கள், தகப்பனிடம் என்று தெரியாமலே. அவரும் கேட்டுக்கொண்டு மண்வெட்டியைத் தூக்கியிருப்பார். 1979 வரை அவர் இருந்தார். அம்மா இன்னும் கால் நூற்றாண்டு, 2003 வரை. வீட்டு முன்னறை முழுக்கப் பதக்கமும் தொப்பியும் படமுமாக வைத்திருந்தார், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு.

இனி ஒரு சண்டை. உயிரோடு இருந்திருந்தால் 1966இல் உலகக் கோப்பையை பாபி மூர் அல்ல, டங்கன்தான் தூக்கியிருப்பார் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். வயது கணக்குச் சரிதான், இருபத்தொன்பது நடந்திருக்கும். மூர் ஆடியதும் டங்கனின் அதே ஆறாம் எண். ஆனாலும் இந்த வாதம் எனக்கு ஒட்டவில்லை. முழங்கால் சவ்வு கிழிந்து இருபத்தைந்தில் ஓய்ந்துபோன மேதைகள் எத்தனை பேர்! இருபத்தொன்றில் இறந்தவனுக்கு மோசமான பருவம் என்று ஒன்று வருவதே இல்லை. வராத வருடங்களை வைத்து அவரை உயர்த்துவது, அவர் ஆடிய ஐந்து வருடங்கள் போதாது என்று சொல்வதாகிவிடும். போதும். ஒரு காய்கறிக் கடைக்காரர் தன் அப்பாவின் இடுப்புத் திருப்பலை இன்றும் நடித்துக் காட்டுகிறாரே, எந்தக் கோப்பையை வைத்து அதை ஈடுகட்டுவது?

கல்லறையில் அன்று என்னோடு நின்றவர் ஒரு ஓய்வுபெற்ற அஞ்சல்காரர், உல்வ்ஸ் ரசிகர். தங்கத் துண்டு அவருடையதா என்று கேட்டேன். இல்லை என்றார், ஆனால் யாருடையது என்று தெரியும் என்றார். என் வாதத்தைச் சொன்னதும் கோபித்துக்கொண்டார். "வெளியூர்க்காரங்களுக்கு என்ன தெரியும்? தூக்கியிருப்பான்."

திரும்பும் வழியில், 2022இல் திறந்த உடற்பயிற்சி மையத்தைப் பார்த்தேன். முகப்பில் டங்கன் எட்வர்ட்ஸ் பெயர். உள்ளே நீச்சல்குளம், வரவேற்பறையில் குழந்தைகளின் ஈரத் தலைகள். டங்கனின் அம்மா கொடுத்துவிட்டுப் போன தொப்பிகளும் சட்டைகளும் ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நான் போன நேரம் மூடியிருந்தது. நீங்கள் போவதானால் நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். சந்தையில் கடைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காய்கறிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, கல்லறைக்குப் போனீர்களா என்று கத்திக் கேட்டார். போனேன் என்றதும் ஒரு பையில் இரண்டு ஆப்பிள் போட்டு நீட்டினார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்த வாரம் மான்செஸ்டர். ஓல்ட் டிராஃபோர்டு சுவரில் 1958 பிப்ரவரி 6 என்று எழுதிய ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்குக் கீழே சந்திக்கலாம் என்று ஒரு நண்பர் வரச் சொல்லியிருக்கிறார்.

(தொடரும்)