பெயரில்லாத கோப்புகள்

மேசைமேல் மூன்று மெமரி கார்டுகள் கிடந்தன. மூன்றிலும் முதல் கோப்பின் பெயர் ஒன்றேதான்: சி0001. ஒன்றில் தைப்பூசக் காவடி, ஒன்றில் கண்ணாடிக் கோயில், மற்றொன்றில் குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த பாட்டியின் பேச்சு. கார்டை அழித்துப் போடும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும்படி கேமராவை வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். உள்ளே போய்ப் பார்க்காமல் எது எதென்று சொல்ல வழியே இல்லை. அந்தப் பார்க்கும் வேலையைப் பார்க்கத்தான் ஜொகூர் பாருவுக்குப் போயிருந்தேன்.

ராஜமாரியம்மன் கோயில் இருக்கும் ஜாலான் உங்கு புவானிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் அந்தக் கூடம். கல்யாணம், கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விழா எல்லாம் படமெடுத்துப் பிழைப்பு நடத்துகிறார்கள். அதில் மிஞ்சும் காசிலும் நேரத்திலும் தோட்டத்து முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்கிறார்கள். ஒளிப்பதிவாளர் ஒருவர், படத்தொகுப்பாளர் ஒருவர். இருவருக்கும் நடுவே, சுவரைப் பார்த்துப் போட்ட மேசையில் ஒரு பெண். படமாக்கி வந்த அத்தனையையும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை பார்ப்பவர் இந்தப் பெண் மட்டும்தான்.

“பசியாறிட்டீங்களாண்ணே?” என்று கேட்டுவிட்டு ஒரு ஹெட்போனை என் பக்கம் நகர்த்தினார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

முதல் வேலை பார்ப்பதல்ல, படியெடுப்பது. டாவின்சி ரிசால்வ் மென்பொருளிலேயே கார்டைப் படியெடுக்கும் வசதி இருக்கிறது. மூலமும் படியும் ஒன்றுதானா என்பதைக் கணக்குப் போட்டுச் சரிபார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் காட்டும். இரண்டு வட்டுகளில் ஏற்றி, மூன்றாவது படியை வேறு வீட்டில் வைக்கிறார்கள். அதுவரை கார்டை யாரும் தொடக்கூடாது. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே படம் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் பிடிக்கும். முதியவர் ஒருவரோடு ஒரு பகல் உட்கார்ந்தால் எவ்வளவு ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் லாக், அதாவது எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக் குறித்து வைப்பது. விசைப்பலகையில் ஜே, கே, எல் மூன்று எழுத்துகள்மேல் மூன்று விரல்கள். ஜே பின்னால் ஓட்டும், கே நிறுத்தும், எல் முன்னால் ஓட்டும். எல் எழுத்தை இரண்டு தடவை தட்டினால் வேகம் இரட்டிக்கும். காவடி ஊர்வலத்தை அவர் இரட்டை வேகத்தில்தான் பார்த்தார். பாட்டியின் பேச்சை ஒரு நொடிகூட வேகமாக ஓட்டவில்லை. குறிக்க வேண்டிய இடம் வந்தால் எம் எழுத்தைத் தட்டி, வண்ணக் குறி ஒன்று வைத்து, இரண்டு வரி எழுதுகிறார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரக்குறி: மணி, நிமிடம், விநாடி, அதற்குப் பின் சட்டகம். இங்கே விநாடிக்கு 25 சட்டகங்கள்.

கண்ணாடிக் கோயில் கார்டுக்கு அவர் எழுதியதைப் பார்த்தேன். 1922இல் சிறியதாகத் தொடங்கிய அருள்மிகு ராஜகாளியம்மன் கோயில், 2009இல் சுவர், தூண், கூரை என எங்கும் கண்ணாடித் துண்டுகள் பதித்துப் புதிய உருவம் பெற்றது. மூன்று லட்சம் துண்டுகள் என்பார்கள். பார்ப்பவருக்கு அற்புதம், ஒளிப்பதிவாளருக்குச் சோதனை. “00:03:11:06 கருவறை நோக்கி நகர்வு. அழகு. வலது தூணில் கேமரா தெரிகிறது.” “00:04:40:19 அதே நகர்வு. தூண் சுத்தம். சாமி கும்பிடுபவர் குறுக்கே வருகிறார்.” பக்கம் முழுக்க இப்படியே போகிறது. எந்தக் காட்சியில் யாருடைய முழங்கை எந்தத் துண்டில் விழுந்திருக்கிறது என்பது இந்தப் பெண்ணுக்குத் தெரியும். தொகுப்பாளர் நள்ளிரவில் தேடித் தவிக்காமல் இருப்பது இந்த வரிகளால்தான்.

பாட்டியின் கார்டுக்கு வந்தோம். தொண்ணூறை ஒட்டிய வயது. அவருடைய அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் பிடித்துப் போனார்கள். 1942-43இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட அந்த ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்கள் மிகப் பலர். பாட்டியின் அப்பாவும் திரும்பவில்லை.

ஆனால் கேள்வி கேட்டபோது பாட்டி இதைச் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டால் பால்மரத்தைப் பற்றிச் சொன்னார். பால்மரத்தைப் பற்றிக் கேட்டால் மரவள்ளிக்கிழங்கு தின்றே காலம் தள்ளியதைச் சொன்னார். வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, நடுவில், “லோரி வந்துச்சு, அப்பா சட்டையில்லாம ஏறுனாரு” என்றார். அவ்வளவுதான். பேட்டியின் பிற்பகுதியில் எங்கோ கிடக்கும் ஒரு வாக்கியம். அப்பாவைப் பற்றிய கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. லாக் எழுதியவர் கேள்விக்கு எதிரே அந்த இடத்தின் நேரக்குறியைச் சேர்த்து எழுதியிருக்கிறார்: “பதில் இங்கே இல்லை, 00:47:52:10 பார்க்க.”

அதற்குக் கீழே இன்னொன்று: “பேச்சில்லை. கட்டைவிரலால் சேலை நுனியைத் தேய்க்கிறார். வெட்ட வேண்டாம்.” எந்தத் தொகுப்பாளருக்கும் பேச்சில்லாத இடத்தில்தான் முதலில் கை போகும். அங்கே கத்தரியைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் இந்த இரண்டு வார்த்தைகளுக்கு உண்டு. பேட்டி முடிந்தது என்று எல்லாரும் எழுந்த பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மிச்சத்தில், சட்டகத்துக்கு வெளியே இருந்தபடி, பாட்டி ஒரு தாலாட்டு முனகுகிறார். படம் வெறும் நாற்காலி. மேலோட்டமாக ஓட்டிப் பார்க்கும் எவரும் அந்தக் கிளிப்பை வீண் என்று தள்ளியிருப்பார்கள். லாக்கில் அது பச்சைக் குறியோடு இருக்கிறது.

டேப் இருந்த காலத்தில் இந்தப் பார்வை கட்டாயமாக இருந்தது. ஃபைனல் கட் ப்ரோவின் பழைய பதிப்புகளில் ‘லாக் அண்டு கேப்சர்’ என்றே ஒரு சன்னல் இருந்தது. ஒரு மணி நேர மினிடிவி டேப்பை அப்படியே ஏற்றினால் 13 ஜிகாபைட். அன்று வட்டு விலைக்கு அது பெரிய இடம். அதனால் முதலில் பார்த்து, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று குறித்து, வேண்டியதை மட்டும் ஏற்றினார்கள். 2011இல் வந்த புதிய பதிப்பில் அந்தச் சன்னல் இல்லை. கார்டு வந்துவிட்டது, வட்டு மலிந்துவிட்டது, எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டலாம். அள்ளிக் கொட்டியதோடு பல இடங்களில் பார்ப்பதும் நின்றுபோயிற்று. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். எங்கள் முதியவர்களைப் படமெடுத்தவர்கள் இந்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எடுத்ததை உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. எழுதி வைக்காத பதிவு வட்டில் இருந்தும் இல்லாததுதான்.

இதே ஜொகூரில், இஸ்கந்தர் புத்ரியில், நெட்பிளிக்ஸின் ‘மார்கோ போலோ’ தொடரை எடுத்த பெரிய ஸ்டூடியோ இருக்கிறது. அந்த அளவுப் படப்பிடிப்பில் தரவைப் படியெடுக்க ஒருவர், தளத்திலேயே ஒவ்வொரு டேக்கையும் குறிக்க ஒருவர், தொகுப்பறையில் ஒழுங்குபடுத்த உதவியாளர்கள் என்று வேலை பிரிந்திருக்கும். இந்த மாடியில் அத்தனையும் ஒரே மேசையில் நடக்கிறது.

எழுதினால் மட்டும் போதாது, தேடினால் கிடைக்க வேண்டும். தமிழில் லாக் எழுதுவதில் உள்ள சிக்கலை இங்கேதான் கண்ணால் பார்த்தேன். குளுவாங், குலுவாங், குளுவாங்கு என மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் தேடல் பெட்டிக்கு அவை மூன்று ஊர்கள். கோயில் பெயர்களில் வரும் ‘ஸ்ரீ’ இன்னும் மோசம். யுனிகோடில் அதை ஸகரத்தில் தொடங்கியும் அமைக்கலாம், 2005இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் அமைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்று மற்றொன்றைக் காட்டாது. ஒரு கோயிலின் பாதிக் காட்சிகள் இப்படிக் காணாமல் போய்ப் பிறகு கிடைத்தனவாம். அதனால் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். சிகாமட், லாபிஸ், கூலாய், உலு திராம் எல்லாம் இன்ன எழுத்தில்தான். ‘சயாம்’ என்றே எழுத வேண்டும், ‘சியாம்’ கூடாது. தோட்டங்களைப் பிரித்து விற்ற துண்டாடல், குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாள அட்டை, அரசியல் தலைவர் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரே குறிச்சொல்தான். நின்று அந்தப் பட்டியலைப் படித்தால் ஜொகூர்த் தமிழர் வரலாற்றில் பாதி கிடைத்துவிடும்.

“இப்பத்தான் பேச்ச மெஷினே எழுதிக் குடுக்குதே?” என்று கேட்டேன்.

“போட்டுப் பாத்தோம்ணே. எங்க என்ன பேசுறாங்கன்னு தேட நல்லா உதவுது. ஆனா பாட்டி ‘பெரட்டு’ன்னு சொன்னத ‘புரட்டு’ன்னு எழுதிருச்சு. விரலத் தேய்ச்சத அது எழுதவே இல்ல.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: “எங்க தாத்தா தோட்டத்துப் பெரட்டுல நின்னவருதான். விடியக்காலையில கிராணி பேர் கூப்பிடுவாரு. பேர் வரலன்னா அன்னைக்கி அந்த ஆள் வேலைக்கி வரலன்னுதான் கணக்கு, எதிர்லயே நின்னாலும். இதுவும் அப்படித்தான், நான் பேர் கூப்பிடலன்னா அந்தக் கிளிப்பு இல்ல.”

படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் இவர் பெயர் இருக்கிறதா என்று தொகுப்பாளரைக் கேட்டேன். ‘உதவி’ என்ற தலைப்பின் கீழ், வாகனம் ஓட்டியவருக்கு அடுத்ததாக இருக்கிறது என்றார். அது போதாது என்று அவரிடமே சொன்னேன். பேட்டி எடுத்தவர் கேள்வி கேட்டார், ஒளிப்பதிவாளர் காட்டினார், பாட்டி எந்த இடத்தில் பதில் சொன்னார் என்பதைக் கண்டுபிடித்தவர் இவர். தனித் தலைப்பில், தனி வரியில் பெயர் வர வேண்டும். அவர் மறுக்கவில்லை, அடுத்த படத்தில் செய்கிறேன் என்றார்.

மாலையில் கூலாயிலிருந்து ஒருவர் ஒரு பெட்டி மினிடிவி டேப்புகளைக் கொண்டுவந்தார். 2000களில் தோட்டக் கோயில் திருவிழாக்களிலும் வீட்டுச் சடங்குகளிலும் எடுத்தவை. உறைகளில் பாதிக்குமேல் எதுவும் எழுதவில்லை. ஓட்டுவதற்கு ஃபயர்வயர் துளையுள்ள பழைய கேமரா ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். டேப்பை வேகமாக ஏற்ற முடியாது, அறுபது நிமிட டேப்புக்கு அறுபது நிமிடம் ஆகும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுக்க முடியாது என்பதால் எதை முதலில் போடுவது என்று மூவரும் கூடிப் பேசினார்கள். தொகுப்பாளர் கும்பாபிஷேகங்களிலிருந்து தொடங்கலாம் என்றார். அந்தப் பெண் பெட்டியைக் கிளறி, பூசணம் பிடிக்கத் தொடங்கியவற்றைத் தனியே எடுத்து வைத்தார். முதலில் இவை, பிறகு கருமாதி என்று எழுதியவை, ஏனென்றால் தோட்டத்துக் கிழடுகட்டைகள் எல்லாரும் அங்கேதான் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள் என்றார். அப்படியே செய்வது என்று முடிவானது.