பாசி படர்ந்த முருகை

பாசி என்றதும் வழுக்கும் கேணிப்படியும் கைவிடப்பட்ட குளமுமே நம் நினைவுக்கு வருவன. ஆனால், முருகைக்கல்லின் வாழ்வே ஒருவகைப் பாசியில் தங்கியிருக்கின்றது என்பதைப் பலர் அறியார். முருகைக்கல்லைக் கட்டியெழுப்பும் பொலிப்பு என்னும் சிற்றுயிரின் இழையத்துள் ஒருகல அல்கா குடியிருக்கின்றது. ஒளித்தொகுப்பினால் அது ஆக்கும் உணவின் பெரும்பகுதி முருகைக்கே சேர்கின்றது. பாசி எனப் பொதுப்பெயர் பெறும் இன்னொரு வகையான இழைப்பாசியோ, வெளியேயிருந்து படர்ந்து அதே முருகையை மூடி நெரிக்கின்றது.

நூலிற் படித்திருந்த இவ்வுண்மையை நான் கண்ணாரக் கண்டது 2019 இல், ஆய்வு விடுப்பில் இலண்டன் சென்று அண்ணரின் இல்லத்தில் தங்கியிருந்த மாதங்களிலேயாம். நம் நாட்டில் முருகைக்கல்லைக் கடலிலிருந்து பெயர்த்தெடுத்தல் சட்டத்தினால் தடுக்கப்பட்டுள்ளது. அங்கோ, தொட்டிகளிலேயே துண்டுகளிலிருந்து வளர்த்த முருகைகளை வாங்கி வீட்டில் வைத்திருப்போர் பலர். அண்ணரும் அவர்களுள் ஒருவர். இருதய சத்திரசிகிச்சையின் பின் அவர் படுக்கையிலிருந்த வாரங்களில் தொட்டி கவனிப்பாரற்றுப் போயிற்று. மூளையின் மடிப்புகளை ஒத்த முருகையொன்றின் பாதி, வெறும் எலும்புக்கூடாகிப் பச்சை மயிர் போன்ற பாசியால் மூடப்பட்டிருந்தது. கண்டோர் யாவரும் அதனை எறிந்துவிடும்படி கூறினர். "தம்பி, அதிலை இன்னும் உயிர் இருக்குது. அவசரப்படாதை" என்றார் அண்ணர்.

அவர் நாற்காலியிலிருந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். தொட்டி நீரை வாளியில் எடுத்து, முருகையை அதனுள் வைத்துப் பற்தூரிகையால் பாசியைத் தேய்த்து அகற்றினேன். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் அறுந்த இழைகள் பரவி வேறிடங்களிற் பற்றிக்கொள்ளும். எஞ்சிய இழைகள்மீது, உயிருள்ள பகுதியிற் படாதவாறு, 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டைத் துளித்துளியாக இட்டுக் கழுவினேன். ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்தது. பத்தே நாளிற் பாசி மீண்டும் துளிர்த்தது.

அண்ணர் வியப்படையவில்லை. பாசி நோயன்று, நோயின் குறியே என்பது அவர் கருத்து. மீனுக்கு மிகையாக இட்ட உணவு அழுகி, நைத்திரேற்றாகவும் பொசுபேற்றாகவும் நீரிற் சேர்கின்றது. ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரையாதிருத்தற்பொருட்டு அங்கு குழாய்நீரிலும் பொசுபேற்றுச் சேர்ப்பது வழக்கம். ஆகவே, உணவைக் குறைத்தோம், மென்சவ்வினூடாக வடித்த நீரில் உப்பைக் கரைத்து வாரந்தோறும் பத்திலொரு பங்கை மாற்றினோம், நீரோட்டத்தை வலுப்படுத்தினோம், பாசி மேயும் கடல் நத்தைகளை விட்டோம். பொசுபேற்றை ஒரேயடியாக அகற்றும் பொருள்கள் கடையில் உள. அண்ணர் அவற்றை நாடவில்லை. முருகைக்கும் அது சிறிதளவு வேண்டும். சடுதியான மாற்றம் முருகையையே தாக்கும்.

பெருங்கடலிலும் நிலைமை இதுவே. கரீபியன் கடலிற் பாசியை மேய்ந்துவந்த நீண்ட கரிய முட்களையுடைய கடல் முள்ளெலிகள் 1983-84 இற் கொள்ளைநோயால் பெரும்பாலும் மடிந்தன. மேயும் மீன்களோ மிகையான மீன்பிடியால் முன்னரே அருகியிருந்தன. 1980 இற் சூறாவளி சிதைத்த யமேக்காவின் முருகைகள் மீள முளைக்கப் பாசி இடங்கொடுக்கவில்லை. 1977 இல் ஏறக்குறைய 52 சதவீதமாயிருந்த உயிர்முருகைப் பரப்பு, 1990 களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 3 சதவீதமாயிற்று. நமது ஹிக்கடுவையில், 1998 இற் கடல்நீர் வெப்பமுற்றதால் வெளிறி மடிந்த முருகைகளின்மேலும் பாசியே படர்ந்தது.

நான்காம் மாதத்தில் அண்ணரின் தொட்டியிலே, வெறுமையாகிய எலும்புக்கூட்டின்மேல் இளஞ்சிவப்பான சுண்ணப்பாசி மெல்லிய ஓடுபோற் படிந்தது. அதன்மீது முருகையின் உயிருள்ள விளிம்பு மில்லிமீற்றர் கணக்கில் ஊர்ந்தது. நான் நாடு திரும்பியபோதும் மூன்றிலொரு பங்கு மூடப்படாமலே இருந்தது. அம்முருகையை வளர்த்தவர் நாமல்லர்; அதன் வளர்ச்சிக்குத் தடையாயிருந்தவற்றை விலக்கினோம், அவ்வளவே.

தொட்டியில் நத்தை செய்த வேலையைக் கடலிற் செய்வனவற்றுள் நாம் கறிக்குச் சுவையானதென்று மட்டும் அறிந்த ஓரா மீனும் ஒன்று. மேய்வனவற்றைக் கணக்கின்றி வலையில் வாரிக்கொண்டு, ஊரின் கழிவுநீரைக் கடலில் விட்டுவிட்டு, முருகை ஏன் மீளவில்லை என்று நாம் வினவுதல் பொருந்துமா?