கைப்பைக்குள் ஒரு ரிவால்வர்

ரிவால்வர்களில் 'சப்பைமூக்கு' என்று அமெரிக்க மக்கள் அழைக்கும் ஒரு வகை உண்டு. குழலின் நீளம் இரண்டு அங்குலம். சிலவற்றில் அதற்கும் சற்றுக் குறைவு. உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினால் பாதி மறைந்துவிடும். பங்குத்தந்தை ஒருவருக்கு இதைப் பற்றி எழுத என்ன வந்தது என்று வாசக அன்பர்கள் வியக்கலாம். 2016 முதல் 2022 வரை ஆறு ஆண்டுகள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பங்குப்பணி ஆற்றினேன். அங்கே இது கடைத்தெருவிலும், வீட்டு இழுப்பறையிலும், ஞாயிறு திருப்பலிக்கு வருவோரின் தொங்கவிட்ட சட்டைக்கு அடியிலும் இருக்கிற பொருள். அதைப் பற்றி ஒரு மேய்ப்பனிடம் கேள்வி கேட்கப்படுவதும் அங்கே வியப்பன்று.

இதன் வரலாற்றைச் சிறிது சொல்லிவிடுகிறேன். கோல்ட் நிறுவனம் 1927-இல் 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' என்னும் ஆறு தோட்டா ரிவால்வரை வெளியிட்டது. சீருடை அணியாத துப்பறியும் காவலர், மேற்சட்டைக்குள் மறைத்துக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டது அது. 1950-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் இன்னும் சிறியதொன்றைக் கொண்டுவந்தது. தோட்டா உருளையில் ஆறுக்குப் பதில் ஐந்தே அறைகள். அதனால் உருளையின் பருமன் குறைந்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் கூடிய காவல்துறைத் தலைவர்களின் மாநாட்டில் அதைக் காட்டி, வாக்கெடுத்துப் பெயர் சூட்டினார்கள்: 'சீஃப்ஸ் ஸ்பெஷல்'. இன்றும் கடைகளில் விற்கும் சப்பைமூக்குகளில் பெரும்பாலானவை அந்த ஐந்தறைக் குடும்பத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. 1963 நவம்பர் 24 அன்று, அதே டெக்சாஸின் டாலஸ் நகரில், காவலர் சூழ நின்ற ஆஸ்வால்டை ஜாக் ரூபி சுட்டது கோல்ட் நிறுவனத்தின் இத்தகைய சிறு ரிவால்வரால்தான்.

துப்பறிவோரின் கருவி பாட்டிமாரின் கருவியானதற்குக் காரணம் சட்டம். 1987-இல் ஃபுளோரிடா, தகுதி உள்ள எவருக்கும் மறைத்து எடுத்துச்செல்லும் உரிமத்தை மறுக்கலாகாது என்று சட்டமியற்றியது. டெக்சாஸ் 1995-இல் சட்டம் செய்து, 1996 தொடக்கத்தில் உரிமம் வழங்கத் தொடங்கியது. கடைசியாக இணங்கிய மாநிலம் இலினாய், ஆண்டு 2013. 2022 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும், வீட்டுக்கு வெளியே ஆயுதம் தாங்குவது குடிமக்களின் அரசியலமைப்பு உரிமை என்று தீர்ப்பளித்துவிட்டது.

என்னிடம் வந்தவர் ஒரு செவிலியர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கா போய்க் குடியுரிமை பெற்றவர். கணவர் இறந்து ஓராண்டு முடிந்திருந்தது. பெரிய மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி. 2019-இல் ஒருநாள் விடியற்காலையில், உடன் பணிபுரிந்த பெண்ணை மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் ஒருவன் அடித்து வீழ்த்திப் பையைப் பறித்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இந்த அம்மையாருக்கு உறக்கம் போயிற்று. "சாமி, ஒரு சின்னத் துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன். பாவமா?" என்று கேட்டார். அடுத்த மூச்சில், "கடைக்கு நீங்களும் கூட வாங்க சாமி, தனியாப் போகக் கூச்சமா இருக்கு" என்றார். (இவ்வளவையும் அவருடைய இசைவோடுதான் எழுதுகிறேன். இதில் எதுவும் ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று.)

போனேன். மத ஊழியர் விசாவில் இருந்த எனக்குச் சட்டப்படி துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே அனுமதி இல்லை. எனவே இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் முதியவர், பொறுமைசாலி. கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து நான்கைந்தை எடுத்துத் துணிவிரிப்பின்மேல் வைத்தார். நம் ஊரில் பட்டுப் புடவை விரித்துக் காட்டுவது போலிருந்தது.

அங்கே கற்றுக்கொண்ட முதற்பாடம் எடை பற்றியது. எஃகால் ஆன ரூகர் 'எஸ்.பி.101' ஏறத்தாழ 700 கிராம். அலுமினியக் கலவையில் செய்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் '642' ஏறத்தாழ 420 கிராம். ஸ்காண்டியம் கலந்த உலோகத்தில் செய்த '340 பி.டி.' இன்னும் இலேசு, 350 கிராமுக்கும் குறைவு. இலேசானதுதானே நல்லது என்று அம்மையார் கை நீட்டினார். கடைக்காரர் தலையசைத்தார். தோட்டா முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. அந்த உதையை வாங்கிக்கொள்வது துப்பாக்கியின் எடை. எடை இல்லையேல் மணிக்கட்டு. மிக இலேசான அதில் வலுமிகுந்த .357 மேக்னம் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், பழகியவர்களே இரண்டாவது முறை விசையை இழுக்கத் தயங்குவார்களாம். சில வேளைகளில் அந்த உதையில் உருளைக்குள் மிச்சமுள்ள தோட்டாக்களின் முனை தளர்ந்து முன்னே நகர்ந்து, உருளையே சுழலாமல் சிக்கிக்கொள்வதும் உண்டு. சுமக்கச் சுகமானது சுடக் கடினம். சுடச் சுகமானது சுமக்கக் கடினமாகி வீட்டிலேயே தங்கிவிடும்.

இன்னும் சில நுணுக்கங்களையும் சொன்னார். பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தி, பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டும். ஆகவே சுத்தி உள்ளேயே மறைந்திருக்கும் '642' போன்றது மேல். இதில் தனியாகப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. விசையின் நீண்ட, கடினமான இழுப்பே பாதுகாப்பு. ஐந்து கிலோ அளவுக்கு அழுத்தம் கொடுத்தால்தான் சுடும். வாதம் தொட்ட விரல்களுக்கு அது எளிதன்று. கைப்பையில் சாவி, நாணயம், ஜெபமாலை இவற்றோடு சேர்த்துப் போடவே கூடாது. விசையை முழுதும் மூடும் உறையிலிட்டுத் தனி அறையில் வைக்க வேண்டும். குழல் குட்டை என்பதால் குறிபார்க்கும் தூரமும் குட்டை. கையின் சிறு நடுக்கமும் இலக்கில் பெரும் பிழையாகும். 'புதியவர்களுக்கு எல்லாரும் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். உண்மையில் இது தேர்ந்தவர்களுக்கு உரியது' என்று அவர் சொன்னபோது, விற்பவரே இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

நம் நாட்டிலும் இந்தச் சிந்தனை எட்டிப்பார்த்ததுண்டு. 2014-இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற பெயரில், பெண்களுக்கென்று சொல்லி, அரைக்கிலோ எடையில் ஒரு ரிவால்வரை வெளியிட்டது. விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். ஆனால் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெறுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அங்கே அப்படியில்லை. ஒரு படிவம், மத்தியப் புலனாய்வுப் பதிவேட்டில் ஒரு சரிபார்ப்பு. பெரும்பாலும் சில நிமிடங்களில் பொருள் கைக்கு வந்துவிடும்.

'பாவமா?' என்ற கேள்விக்கு வருகிறேன். குருமடத்தில் இதை ஒரு பிற்பகல் வகுப்பில் கடந்து போனோம். புனித அகுஸ்தீனார் கண்டிப்பானவர். தனிமனிதன் தன் உயிரைக் காக்க மற்றவன் உயிரை எடுப்பதை அவர் ஏற்கவில்லை. புனித தோமா அக்குவினார், 'சும்மா தியோலோஜிக்கா'வில் இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவு, 64-ஆம் வினாவில், வழி திறந்துவிடுகிறார். ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம்: ஒன்று தன் உயிர் காத்தல், மற்றொன்று தாக்கியவனின் சாவு. முதலாவதே நோக்கமாக இருந்து, தேவைக்கு மிஞ்சாத வலிமையைப் பயன்படுத்தினால் அது குற்றமன்று. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2263 முதல் 2265 வரையிலான எண்களில் இவ்வழியே செல்கிறது. இரவில் கன்னமிடும் திருடனைக் கொன்றால் ஒரு தீர்ப்பு, கதிரவன் எழுந்தபின் கொன்றால் வேறு தீர்ப்பு என்று விடுதலைப் பயண நூல் பிரித்துப் பார்ப்பதும் நினைவுக்கு வருகிறது. குருக்களுக்கே 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் ஆயுதம் ஏந்தத் தடைவிதித்துவிட்டு, அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இருந்தாலன்றி என்று ஒரு விலக்கும் வைத்திருந்தது. 1983-இன் சட்டத் தொகுப்பில் அவ்விதியே இல்லை.

ஆனால் தோமையாரின் வினாவில் தாக்குகிறவன் ஏற்கெனவே முன்னால் நிற்கிறான். கடையில் அப்படி எவனும் நிற்கவில்லை. குளிர்பதனம் செய்த அறையில், ஆற அமர, எந்தத் தோட்டா உடம்புக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். நோக்கம் என்பது அந்த நொடியில் பிறப்பதா, அல்லது பல மாதங்களுக்கு முன்பே விலை கொடுத்து வாங்கப்படுவதா? இதை எங்கள் வகுப்பில் யாரும் எழுப்பியதாக நினைவில்லை. ஒன்று மட்டும் என்னை வியக்கவைத்தது. அந்நாட்டுப் பயிற்சியாளர்கள், கொல்வதற்காகச் சுடக் கூடாது, தாக்குதலை நிறுத்துவதற்காகவே சுட வேண்டும், அவன் நின்றவுடன் நீங்களும் நிறுத்திவிட வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். நீதிமன்றத்துக்கு அஞ்சி வகுத்த பாடமாக இருக்கலாம். ஆயினும் தோமையாரைப் படித்திராத அந்த முதியவர் வாயிலிருந்து அதைக் கேட்டபோது, பழைய பேராசிரியர் ஒருவரைக் கடைவீதியில் சந்தித்தது போலிருந்தது.

ஆகவே வாங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது என் அச்சமே தவிர, திருச்சபையின் போதனையாக இருந்திராது. அங்கே நான் வாழ்ந்த ஆண்டுகளிலேயே, 2017 நவம்பரில், சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் பாப்டிஸ்ட் ஆலயத்தில் வழிபாட்டின்போது 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 டிசம்பரில் வைட் செட்டில்மென்ட் ஊரின் ஆலயத்தில் இருவரைக் கொன்றவனை, சபையைச் சேர்ந்த ஒருவர் சில நொடிகளில் சுட்டு வீழ்த்தினார். நான் ஊர் திரும்பிய பின், 2025 ஆகஸ்டில், மினியாப்பொலிஸ் நகரின் கத்தோலிக்க ஆலயத்தில் பள்ளித் திருப்பலியில் இருந்த இரு குழந்தைகள் கொல்லப்பட்டனர். அந்த மண்ணில் நின்றுகொண்டு, அச்சப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மேய்ப்பன் நகர்ந்துவிட முடியாது.

நான் கேட்டது வேறு. "அம்மா, நீங்கள் பயப்படுவது எந்த இடத்தில்?" "ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து கார் வரைக்கும், சாமி. ஒரு இருநூறு அடி." "மருத்துவமனைக்குள் இதைக் கொண்டுபோக விடுவார்களா?" நிர்வாகம் ஊழியர்கள் ஆயுதம் கொண்டுவருவதைத் தடைசெய்திருந்தது. பூட்டிய காருக்குள் வைத்திருக்க 2011-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் இடம் தருகிறது, அவ்வளவே. அப்படியானால் அந்த இருநூறு அடியும் அவர் வெறுங்கையோடுதான் நடக்க வேண்டும். துப்பாக்கியோ காரில் காத்திருக்கும். காரை உடைப்பவனுக்கு அது கொள்ளையாகவும் போகும். கடைக்காரர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அது உண்மைதான்" என்பது போலத் தலையசைத்தார்.

"வீட்டிலாவது இருக்கட்டுமே" என்றார் அம்மையார். வீட்டில் அவருடைய மகன் இருந்தான். இருபது வயது. தந்தை இறந்த பின் கல்லூரியை விட்டுவிட்டான், அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் திறப்பதில்லை, திருப்பலிக்கும் வருவதில்லை. பங்கில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி அது. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மற்றவர் கையால் இறப்பவர்கள் அல்லர். தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்பவர்கள். அந்த எண்ணம் பெரும்பாலும் வந்து கவிந்து கடந்துபோவது. முயன்று பிழைத்தவர்களில் மிகப் பலர் பின்னர் நெடுங்காலம் வாழ்கிறார்கள். துப்பாக்கியோ பிழைக்க இடம் கொடுப்பது மிக அரிது. இவற்றையெல்லாம் அங்கு நான் சொல்லவில்லை. "தம்பி வீட்டில்தானே இருக்கிறான்?" என்று மட்டும் கேட்டேன். அவர் கையிலிருந்ததைத் துணிமேல் வைத்துவிட்டார். முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கடைக்காரரும் வற்புறுத்தவில்லை.

பின்னர் அவரும் உடன் பணிபுரிவோர் ஒன்பது பேருமாக நிர்வாகத்துக்கு எழுதினார்கள். இரண்டு மாத இழுபறிக்குப் பின், பணி முடிந்து போகும் பெண்களுடன் காவலாளி ஒருவர் நடந்து வருவதற்கு ஏற்பாடாயிற்று. மகனை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார். முதல் மூன்று முறை அவன் போக மறுத்தான். நான்காவது முறை போனான்.

2021-இல் மகனுக்கு டாலஸில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவ்வாண்டு செப்டம்பர் முதல், டெக்சாஸில் கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல உரிமமே தேவையில்லை என்றாகியிருந்தது. அம்மையாரோ உரிமத்துக்குரிய வகுப்பில் அமர்ந்து, சுடும் தேர்விலும் தேறி, அதன்பிறகே அதே கடைக்குப் போய் '642' ஒன்றை வாங்கினார். மாதம் ஒருமுறை பயிற்சிக்கூடத்துக்குப் போகிறார். நான் ஊருக்குப் புறப்படும் முன் விடைபெற வந்தபோதுதான் இதைச் சொன்னார். நான் கடிந்துகொள்ளவில்லை; வாழ்த்தவும் இல்லை. கை வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்குது சாமி. மெதுவான தோட்டாதான் போடுறேன், அப்படியும் வலிக்குது."

"தம்பி விடுமுறைக்கு வந்தால்?"

"அந்த வாரம் மட்டும் பெட்டியோட கூட வேலை செய்யுற அக்கா வீட்டுல கொண்டு போய் வச்சிருவேன். அவனுக்கும் தெரியும் சாமி. போன தடவை அவனே கேட்டான், கொண்டு போய்க் குடுத்துட்டியாம்மான்னு."