அளவைப் பார்ப்பதா, மாற்றத்தைப் பார்ப்பதா?

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஐ.டி. வளாகத்தில் நெட்வொர்க் பார்க்கும் வேலை எனக்கு. அங்கே ஒரு ஸ்விட்சில், பிழையான பாக்கெட்டுகள் ஆயிரத்தைத் தாண்டினால் அலாரம் அடிக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். பல மாதமாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த எண்ணிக்கை ஒருநாள் ஆயிரத்தைத் தாண்டியது. அலாரம் ஒருமுறை அடித்தது. பிறகு கேபிள் நிஜமாகவே பழுதாகி, நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் பிழைகள் கொட்டியபோது சத்தமே இல்லை. அந்த வரியில் ‘அப்சலூட்’ என்று இருந்தது. இருக்க வேண்டியது ‘டெல்டா’. இந்த வேறுபாட்டை யார் வகுத்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

தேடல் 1991 நவம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1271 என்ற இணைய விதிமுறை ஆவணத்தில் போய் நின்றது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் வால்ட்பஸ்ஸர் எழுதிய, தொலைவிலிருந்து நெட்வொர்க்கைக் கண்காணிப்பதற்கான ஆர்மான் விதிமுறை அது. அப்சலூட்டுக்கு எண் 1, டெல்டாவுக்கு 2. முன்னது இப்போதைய மதிப்பை அப்படியே வரம்போடு ஒப்பிடும். பின்னது போன தடவை எடுத்த மதிப்பைக் கழித்து, மிச்சத்தை ஒப்பிடும். ஒருமுறை அடித்த அலாரம், மதிப்பு கீழ்வரம்புக்கு இறங்கிய பிறகுதான் மறுபடி அடிக்கும். வெப்பநிலை போன்ற அளவு இறங்கும். பிழைகளை எண்ணும் கவுண்டரோ ஏறிக்கொண்டேதான் போகும். எங்கள் அலாரம் ஊமையானது இதனால்தான்.

டெல்டாவிலும் ஒரு சிக்கல் உண்டு. திடீர்ப் பெருக்கு இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே விழுந்தால், பாதி பாதியாகப் பிரிந்து வரம்புக்குக் கீழேயே தங்கிவிடும். இரு மடங்கு வேகத்தில் மாதிரி எடுத்து, அடுத்தடுத்த இரண்டு வித்தியாசங்களைக் கூட்டிப் பார்க்கலாம் என்று அதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள். எத்தனை நுணுக்கமான யோசனை!

இதே கணக்கு எங்கள் கடலிலும் இருக்கிறது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்ப் ஹவுஸில் நீர் ஏறி, ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. முன்கூட்டிச் சொல்ல இந்தியப் பெருங்கடலில் அன்று ஆழ்கடல் சுனாமி மானி ஒன்றுகூட இல்லை. நடுக்கடலில் சுனாமி பல சமயம் சில சென்டிமீட்டர்தான் எழும்பும். ஓதமோ அதைவிடப் பல மடங்கு ஏறி இறங்கும். நீர்மட்டத்துக்கு நேரடியாக வரம்பு வைத்தால் ஒன்றும் பிடிபடாது. அதனால் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவில் ஹால் மாஃப்ஜெல்ட் வகுத்த முறை, முந்தைய மூன்று மணி நேர அளவுகளை வைத்து இப்போது எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணிக்கிறது. 15 விநாடிக்கு ஒருமுறை எடுக்கும் அளவு அந்தக் கணிப்பிலிருந்து 30 மில்லிமீட்டர் விலகினால் எச்சரிக்கை. அந்தச் சுனாமிக்குப் பிறகு, ஹைதராபாத்தில் 2007இல் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வங்காள விரிகுடாவில் மிதவைகளை நிறுத்தியது.

நெட்வொர்க் பார்க்கும் நண்பர்களே, உங்கள் ஸ்விட்சுகளின் அலாரம் வரிகளை ஒருமுறை திறந்து பாருங்கள். கவுண்டருக்கு நேரே ‘அப்சலூட்’ என்றிருந்தால் இன்றைக்கே ‘டெல்டா’ ஆக்குங்கள். வரம்பையும் இடைவெளிக்குத் தக்கபடி குறைத்து வையுங்கள்.